இரண்டு சேவலும் ஒரு தட்டியும்

2024 செப்டம்பர் 20ஆம் தேதி இரவு. மைசூர் அரண்மனை வளாகத்தில் தசரா யானைகளுக்குத் தீனி கொடுக்கும் நேரம். தனஞ்சயா என்ற ஆண் யானைக்கும், அதைவிட வயதில் இளைய கஞ்சன் என்ற ஆண் யானைக்கும் திடீரென்று சண்டை மூண்டது. இளையது ஓட, மூத்தது துரத்த, இரண்டும் அரண்மனை வாயிலைத் தாண்டிச் சாலைக்கே வந்துவிட்டன. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. பாகன்களும் வனத்துறையினரும் சேர்ந்து இரண்டையும் சாந்தப்படுத்தித் திரும்ப அழைத்து வந்தார்கள்.

அன்றிரவு வனத்துறைக்கு வந்த சிக்கல் மைசூருக்குப் புதிதல்ல. நகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும், 30க்கு 40 அடி மனைகளாகப் பிரிந்து நிற்கும் புறநகர் வீடுகளின் பின்கட்டிலும், நாட்டுக்கோழி வளர்க்கும் குடும்பங்கள் இதே சிக்கலைச் சின்ன அளவில் தினமும் சமாளிக்கின்றன. ஆண் பிராணிகள் இரண்டை அக்கம்பக்கத்தில் வைத்து, ஒன்றையொன்று கொன்றுவிடாமல் காப்பது எப்படி? யானைக்குச் சங்கிலி உண்டு, முதுகில் பாகன் உண்டு, மருத்துவர் உண்டு. கன்னடத்தில் 'ஹுஞ்ச' என்று அழைக்கப்படும் சேவலுக்கு இருப்பதெல்லாம் நடுவில் ஒரு கம்பிவலை. அந்தக் கம்பிவலைதான் பாதித் தொல்லைக்குக் காரணம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

ஒரு வீட்டுக்கு ஒரு சேவல் போதாதா என்று கேட்கலாம். முட்டைக்காக மட்டும் வளர்ப்பவருக்கு அந்த ஒன்றும் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் அடைவைத்துக் குஞ்சு எடுப்பவரின் நிலைமை வேறு. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பொதுவான கணக்கு. இருபது குஞ்சில் பத்து சேவல் என்றால், ஒன்பது உபரி. நான்கைந்து மாதத்தில் அந்த ஒன்பதும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றையொன்று முறைக்க ஆரம்பிக்கும். அப்போது வளர்ப்பவர் முன் மூன்று வழிகள். அறுப்பது, விற்பது, அல்லது தனித்தனியாக வைத்து வளர்ப்பது. விற்கப்படுவதும் பெரும்பாலும் குழம்புச் சட்டிக்குத்தான் போகிறது. ராகிக் களியும் நாட்டுக்கோழிச் சாறும் பழைய மைசூர்ப் பகுதியின் விருந்துச் சாப்பாடு. திடகாத்திரமான சேவல் என்றால் சண்டைக்காரர் கைக்கும் போகலாம்.

மூன்றாவது வழி வெறும் செல்லத்துக்காக அல்ல. ஒரு கோழி இனம் பிழைப்பதே அதில்தான் இருக்கிறது. மரபியலாளர்களிடம் ஒரு எளிய சூத்திரம் உண்டு. ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுக்க வேண்டும். வரும் விடைதான் அந்த மந்தையின் 'உண்மையான' அளவு. 50 பெட்டையும் ஒரே சேவலும் உள்ள மந்தையில் 51 பறவைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சூத்திரப்படி அது 4 பறவைக்கும் குறைவு. அதே 50 பெட்டைக்கு 10 சேவல் வைத்தால் கணக்கு 33ஆக உயர்கிறது. ஒற்றைச் சேவலின் வாரிசுகள் எல்லாம் அண்ணன் தங்கைகள். இரண்டு மூன்று தலைமுறையில் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு நோஞ்சானாகும், நோய் எளிதில் தாக்கும்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மொத்தம் 85 கோடிக்கு மேற்பட்ட கோழியினப் பறவைகள் இருந்தன. அவற்றில் வீட்டுப் புழக்கடையில் வளர்பவை 31.7 கோடி, 2012ஆம் ஆண்டுக் கணக்கைவிட ஏறத்தாழ 46 சதவீதம் அதிகம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் காணப்படும் காகஸ், சண்டைக்குப் பேர்போன அசீல் போன்ற நாட்டு இனங்களின் எதிர்காலம் இந்தப் புழக்கடைகளில்தான் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் இந்த இனங்களைப் பேணுகிறது என்பது உண்மை. ஆனால் ஓர் அரசு நிறுவனத்தின் கொட்டகைகள் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்கு ஈடாகாது. ஆக, நான்கு சேவலை நான்கு கூண்டில் அமைதியாக வைத்திருக்கத் தெரிந்த ஒரு குடும்பம், தன்னையறியாமல் ஒரு பொதுக் காரியம் செய்கிறது.

அமைதியாக வைத்திருக்க வேண்டுமானால் சண்டை எதற்காக என்று தெரிய வேண்டும். 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் அர்னால்ட் பெர்டோல்ட் என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். விதை நீக்கப்பட்ட சேவல்கள் கூவவில்லை, சண்டை போடவில்லை, கொண்டையும் வளரவில்லை. நீக்கிய விதையை வயிற்றுக்குள் வேறிடத்தில் ஒட்டவைத்தபோதோ அவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்தும் குணம் மாறவில்லை; எனவே ஏதோ ஒன்று ரத்தம் வழியாகப் போகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. சேவலின் சண்டைக்குணம் வளர்ப்பில் வந்த கெட்ட பழக்கம் அல்ல, அடித்தோ பட்டினி போட்டோ திருத்த முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

அடுத்த துப்பு நார்வேயிலிருந்து வந்தது. தோர்லைஃப் ஷெல்டெரூப்–எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதியவர். 1920களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ஆய்வு, கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு படிவரிசை இருப்பதை உலகுக்குச் சொன்னது. அலுவலகங்களிலும் கட்சிகளிலும் இன்று பேசப்படும் 'கொத்தும் வரிசை' அவர் கோழிகளிடம் கண்டதுதான். இந்த வரிசையில் முக்கியமான விஷயம், அது சண்டையை வளர்ப்பதற்காக இல்லை என்பதே. ஒருமுறை தீர்மானமாகிவிட்டால் மறுபடி மோத வேண்டியதில்லை. மேலே உள்ளது ஒரு பார்வை பார்த்தால் கீழே உள்ளது ஒதுங்கிப் போகும்.

பந்திப்பூர், நாகரஹொளே காடுகளில் திரியும் காட்டுச்சேவல்களுக்கும் சண்டை உண்டு. ஆனால் அங்கே தோற்றது ஓடிவிடலாம். புதருக்குள் புகுந்து மறைந்துவிட்டால், வென்றது ஒரு கூவல் கூவிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். மைசூர் தசராவின் கடைசி நாளில் அரண்மனையில் நடக்கும் வஜ்ரமுஷ்டிப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தலையை மழித்துக்கொண்டு கையில் முட்கருவி மாட்டிய ஜெட்டிகள் மோதுவார்கள். எதிராளியின் தலையில் முதல் சொட்டு ரத்தம் தெரிந்தவுடன் ஆட்டம் நிறுத்தப்படும். மல்லர்களுக்கு முதல் சொட்டு ரத்தம் எல்லைக்கோடு என்றால், சேவலுக்குத் தோற்றவன் முதுகு காட்டுவதுதான் எல்லைக்கோடு.

கூண்டு இந்த எல்லைக்கோட்டை அழித்துவிடுகிறது. ஒரே கூண்டில் இரண்டு சேவலை விட்டால் தோற்றதற்கு ஓட இடமில்லை. மூலையில் ஒதுங்கினாலும் வென்றதன் கண்ணில் அது 'இன்னும் போகாதவன்'. அடி தொடர்கிறது, உயிர் போகும்வரை போவதும் உண்டு. சரி, நடுவில் வலை கட்டிவிடலாம் என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இப்போது அடிபட்டு யாரும் தோற்பதில்லை. அதனால் யாரும் விலகுவதும் இல்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எதிரி கண்முன்னே நிற்கிறான், ஓட மறுக்கிறான். இரண்டு பக்கமும் அதே நினைப்பு. வலையோரமாக மேலும் கீழும் நடந்து நடந்து தரையில் தடம் விழுந்துவிடுகிறது. தீனி இறங்குவதில்லை. வலைக்கண்ணில் அலகு மாட்டிப் பிளக்கிறது, கொண்டையும் தாடியும் கிழிகின்றன, கால்முள்ளும் விரலும் கம்பியில் சிக்குகின்றன. சேர்த்து விட்டால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வழக்கை, வலை தினசரி வாய்தா போட்டு இழுத்தடிக்கிறது.

பிரச்சினை பார்வையில் இருக்கிறது என்பதை அமெரிக்கப் பண்ணையாளர்கள் ஒரு விதமாகப் புரிந்துகொண்டார்கள். 1903இல் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவர் கோழிக்கான மூக்குக்கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். மற்ற கோழிகள் கண்ணைக் கொத்திவிடாமல் காக்கும் சாதனம் என்று அதற்கு விளக்கம். பிறகு, பார்ப்பதெல்லாம் சிவப்பாகத் தெரிந்தால் ரத்தக் காயம் தனியாகத் தெரியாது, கொத்தத் தோன்றாது என்று சிவப்புக் கண்ணாடி வந்தது. அதற்கும் பிறகு கோழிக் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் சிவப்பு வில்லைகள் விற்பனைக்கு வந்தன. கண் புண்ணாகி, திட்டம் படுத்துவிட்டது. எல்லாம் ஒரே யோசனையின் வெவ்வேறு வடிவங்கள்: கோழியின் கண்ணை மாற்றுவது. அந்தக் கண்ணோ எளிதில் ஏமாறுவதில்லை. மனிதனுக்கு மூன்று வகை நிற உணர்வணுக்கள் என்றால் கோழிக்கு நான்கு. நம் கண்ணுக்குப் படாத புற ஊதா ஒளியின் ஒரு பகுதியும் அதற்குத் தெரியும். தலையின் இருபுறமும் கண் இருப்பதால் தீனி பொறுக்கிக்கொண்டே பக்கத்துக் கூண்டையும் கவனிக்க முடியும்.

கண்ணை மாற்றுவதைவிடக் கண்முன் நிற்பதை மறைப்பது சுலபம். இதை மிக நன்றாக அறிந்தவர்கள் யார் என்றால், வேடிக்கைதான், சேவல்கட்டுக்காரர்கள்.

தமிழ்நாட்டில் சேவல்கட்டு நேற்று வந்த பொழுதுபோக்கு அல்ல. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கே எடுத்த நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையான எழுத்துகளோடு, போரில் ஆடிய சேவலின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. மனித வீரனுக்கு இணையாகச் சேவலுக்கும் கல் நட்ட ஊர் இது. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையோரம் பொங்கல் நாட்களில் நடக்கும் கத்திக்கட்டுச் சண்டையும், கர்நாடகக் கரையோரத்துத் துளுநாட்டில் நடக்கும் கோழி அங்கமும் இதே மரபின் கிளைகள். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 50 ரூபாய் அபராதம் என்று எழுதிய அந்தச் சட்டத்தைக் கண்டு எத்தனை பேர் பயந்திருப்பார்கள் என்பது வேறு கதை. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிராணிகளைத் துன்புறுத்தாமல் நடத்துவது மனிதர்களின் கடமை என்று அழுத்திச் சொன்னது.

சண்டை சட்டவிரோதம், ஆனால் சண்டைக்காரர்களின் வளர்ப்புமுறையில் ஒரு பாடம் இருக்கிறது. சண்டைச் சேவலின் மதிப்பு அதன் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் இருப்பதில். கட்டுக்களத்துக்கு வெளியே அது இன்னொரு சேவலோடு மோதினால் உழைப்பெல்லாம் வீண். ஆகவே பத்துச் சேவல் வைத்திருப்பவர் பத்தையும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் வளர்க்கிறார். கயிறு எட்டாத தூரத்தில் காலைக் கட்டி, நடுவே ஓலைத்தட்டி நிறுத்துகிறார். பகலில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்க்கிறார். ஒன்றைக் காலாற நடக்கவிடும்போது மற்றவை மூடியே இருக்கும். சண்டையால் பிழைப்பவர் சண்டையைத் தவிர்ப்பதில் கெட்டிக்காரராக இருக்கிறார். சண்டையே வேண்டாம் என்று வளர்ப்பவரோ அழகான கம்பிவலைக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, காலையில் ரத்தம் துடைக்கிறார்.

அந்தக் கலையைக் களத்திலிருந்து பிரித்து வீட்டுக்குக் கொண்டுவருவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவில் தரையிலிருந்து இரண்டரை அல்லது மூன்று அடிக்கு ஒளி புகாத தடுப்பு வேண்டும். கழுத்தை எக்கி நிற்கும் பெரிய அசீல் சேவலின் தலையும் அதற்குமேல் தெரியக் கூடாது என்பதுதான் அளவு. செங்கல் சுவர், பலகை, பனையோலை அல்லது தென்னங்கீற்றுத் தட்டி, நெருக்கமாகப் பின்னிய நிழல்வலை என்று எதுவும் உதவும். தகரம் மறைக்கும், ஆனால் மார்ச், ஏப்ரல் வெயிலில் பக்கத்தில் நிற்க முடியாமல் கொதிக்கும். தடுப்புக்கு மேலே கூரைவரை வலை போதும். கோழி மூச்சுக்காற்றும் எச்சமும் சேர்ந்து நாறாமலிருக்கக் காற்று குறுக்கே ஓட வேண்டும்.

இதில் நான்கு இடங்களில் பலரும் சறுக்குகிறார்கள். ஒன்று, சேவல் ஏறி உட்காரும் கழி. தடுப்பு மூன்றடி, கழி மூன்றரை அடி என்றால் தடுப்பே இல்லாத மாதிரிதான்; மேலே ஏறியதும் எதிரி கண்ணில் பட்டுவிடுவான். கழியைத் தாழ்த்த வேண்டும், அல்லது கழி இருக்கும் பக்கம் தடுப்பை உயர்த்த வேண்டும். இரண்டாவது, தரையோரச் சந்து. சேவல் மண்ணைக் கிளறும். தடுப்பின் அடியில் நான்கு விரல் இடைவெளி வந்தாலும் தலையை நுழைத்துவிடும். மூன்றாவது, தீனித்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும். நடுத் தடுப்பையொட்டி வைத்தால் இருவரும் நாள்முழுக்க அங்கேயே நின்று ஒருவர் சத்தத்தை மற்றவர் கேட்டுக் கொதிப்பார்கள். எதிர்ப்பக்கம் வைத்தால் சேவலின் நாள் அந்தப் பக்கமாக நகர்ந்துவிடும். நான்காவது, பெட்டைகள். இரண்டு சேவல்களுக்கு நடுக்கூண்டில் பெட்டைகளை அடைப்பதைப்போல வம்பு வேறில்லை. ஒவ்வொரு சேவலுக்கும் அதனதன் பெட்டைகள் சொந்தக் கூண்டில் இருக்கட்டும். பெட்டையில்லாத சேவல்கள் எல்லாப் பெட்டைகளிடமிருந்தும் தள்ளி இருக்கட்டும்.

ஒன்றாகப் பொரித்து ஒன்றாக வளர்ந்த சேவல்கள், பெட்டை வாசனையே இல்லாத தனிக் கொட்டிலில் ஒரே கூட்டமாக இருப்பதும் உண்டு. அவற்றுக்குள் கொத்தும் வரிசை சின்ன வயதிலேயே முடிவாகிவிட்டது. அசீல் போன்ற சண்டை இனத்தில் இதை எதிர்பார்க்க முடியாது; சாதாரண நாட்டுச்சேவல்களில் நடக்கிறது. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு கண்ணாடிப் பாத்திரம். காலில் காயம் என்று ஒன்றைச் சில வாரம் பிரித்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டால் அது அந்நியன். கோழிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது பெரும்பாலும் முகத்தையும் கொண்டையையும் வைத்துத்தான். கொண்டை கிழிந்தாலும் வீங்கினாலும் கூடப்பிறந்தவனே அடையாளம் மறந்து பாய்வான்.

புதுச் சேவல் வாங்கி வருபவருக்குத் தட்டி மட்டும் போதாது, தூரமும் வேண்டும். இரண்டு மூன்று வாரமாவது மற்றவற்றிலிருந்து எட்டத்தில், தனித் தண்ணீர், தனித் தீனியோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டதா என்று கேட்க வேண்டும். பறவைகளை அடுத்தடுத்து வைத்தால் என்ன நேரும் என்பது மைசூர்க்காரர்களுக்குத் தெரியும். 1892இல் தொடங்கிய ஸ்ரீ சாமராஜேந்திர மிருகக்காட்சிசாலை, 2017 ஜனவரியில் பறவைக் காய்ச்சலால் ஒரு மாத காலம் மூடிக் கிடந்தது. கம்பிவலை சண்டையையும் நிறுத்தாது, கிருமியையும் நிறுத்தாது.

கண்ணை மறைத்தாயிற்று, காதை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதே பதில். ஜப்பானில் ஷிம்முரா, யோஷிமுரா ஆகிய ஆய்வாளர்கள் 2013இல் ஒன்றைக் காட்டினார்கள். சூரியனைப் பார்த்துச் சேவல் கூவுவதில்லை. வெளிச்சம் மாறாத அறையிலும் அதன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் விடியலை முன்கூட்டியே சொல்கிறது. 2015இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. கூட்டத்தில் மேல்படியில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும். மற்றவை படிவரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து கூவும். முதல் சேவலை எடுத்துவிட்டால் இரண்டாவது அந்த இடத்துக்கு வருகிறது. பக்கத்துக் கூண்டு கண்ணில் படாவிட்டாலும் கூவல் காதில் விழும். ரத்தம் சிந்தாமல் நடக்கும் வாக்குவாதம் அது. அதை அனுமதிக்கலாம்.

அனுமதிக்காதவர் ஒருவர் உண்டு, அடுத்த மனைக்காரர். சேவல் கூவும்போது அதன் காதருகே 140 டெசிபலுக்கும் மேல் ஒலி எழுவதாக 2018இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. அலகை அகலத் திறக்கும்போது அதன் காதுத்துளை சுருங்கி, செவிப்பறை பாதி மூடிக்கொள்வதால் சேவலுக்கே செவிடாவதில்லை. அடுத்த வீட்டுக்காரரின் காதுக்கு அந்த வசதி கிடையாது. தூரம் போகப்போக ஒலி வெகுவாகக் குறையும் என்றாலும், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்பதே விதி. உடம்புக் கடிகாரம் நான்கு மணிக்கே கூவச் சொல்லும் பறவைக்கு அந்த விதி புரியப் போவதில்லை. நெருக்கமான மனைகளில் ஐந்தாறு சேவல் வைப்பவர் கூண்டை அண்டை வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரில் வைக்காமலிருப்பது குறைந்தபட்ச மரியாதை. ஊரோரத்தில் சற்று நிலம் உள்ளவர்களே பல சேவல் வைக்கத் தகுதியானவர்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

தட்டியின் மகிமையைக் கேட்டுவிட்டு நாலாபுறமும் அடைத்து இருட்டறையில் சேவலை வைப்பவர்களும் உண்டு. அது மறுகோடி. 2023இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நடுவில் கம்பித் தடுப்பு உள்ள இடத்தில் சேவலை விட்டு, மேலே பருந்தின் நிழலுருவத்தைப் பறக்கவிட்டார்கள். தனியாக இருந்த சேவல் பெரும்பாலும் சத்தமில்லாமல் பதுங்கிக்கொண்டது. தடுப்புக்கு அப்பால் இன்னொரு சேவல் இருந்தபோதோ, அபாயக் குரல் கொடுத்தது மிக அதிகமாக இருந்தது. பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்பதைச் சேவல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய குரலைக்கூட அவன் முன்னிலையில் எழுப்புகிறது.

சேவல் கூட்டுப் பிராணி. அதற்கு உலகம் தெரிய வேண்டும். தன் பெட்டைகள், தீனி கொண்டுவரும் கை, வாசலில் போகும் நாய், மேலே வட்டமிடும் பருந்து எல்லாம் தெரியட்டும். நடக்கவும் திரும்பவும் சிறகை விரித்து அடிக்கவும் மண்ணில் புரளவும் இடம் இருக்கட்டும். மறைக்க வேண்டியது ஒரே ஒரு திசையை, அதிலும் மூன்றடி உயரத்தை மட்டும்.

யானைகளுக்கு ஓலைத்தட்டி போதாது. வனத்துறை வேறு வழிகளைத்தான் தேட வேண்டும். சேவல் வளர்க்கும் குடும்பத்துக்கோ செலவு ஒரு மாலை வேலையும் நான்கு கீற்றும்தான். இரண்டாவது சேவலைப் பொங்கலுக்கு முன் அறுத்துவிடலாமா என்று யோசிக்கிறவர்கள், அதற்கு முன் தட்டியைக் கட்டி ஒரு வாரம் பார்க்கலாம். வலையோரத்துத் தடம் புல் மூடத் தொடங்கினால் கத்தியை எடுக்கத் தேவையில்லை. அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்கு இன்னொரு அப்பன் மிச்சமாகிவிட்டான் என்று பொருள்.